பட்டியலில் ஏழாவது இதழ்

ஜனவரி 9

அன்புள்ள கண்ணாடிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். என் இடது காது மட்டும் என்னோடு சேர்ந்து ஓய்வு பெற்றுவிட்டது. எவ்வளவு கெஞ்சினாலும் வேலைக்கு வர மாட்டேன் என்கிறது. முப்பத்தொரு வருடம் குடிநீர் பம்பு அறையில் அந்த இரைச்சலைக் கேட்ட காது, அதைக் குற்றம் சொல்ல முடியாது. போனில் பேசினால் நீ கத்த, நான் கத்த, அடுப்படியிலிருந்து அம்மா "என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று ஓடி வருகிறாள். அதனால் நமக்குக் கடிதம்தான் சரி. நாலாம் வகுப்பிலேயே கண்ணாடி போட்டுக்கொண்டவள் நீ, உனக்கும் எழுத்துதான் தோது.

உங்கள் கல்லூரி முதல்வர் சுற்றறிக்கை விட்டிருக்கிறார் என்று எழுதியிருந்தாய். நூலகர்களும் ஆராய்ச்சி செய்ய வேண்டும், கட்டுரை வெளியிட வேண்டும், அப்படிச் செய்கிறவர்களுக்கு ஆகஸ்டில் பதவி உயர்வுக் குழுவில் முன்னுரிமை உண்டு என்று. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அப்போ இத்தன வருஷமா அவ புத்தகத்த அடுக்கிட்டா இருந்தா? நான் படிச்சிட்டு இருக்கான்னுல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன்" என்றாள்.

எனக்கு ஒரு சந்தேகம். நூலகத்தில் ஆராய்ச்சி என்றால் எதை ஆராய்வது? பத்தாம் வகுப்பை இரண்டு முறை படித்த அனுபவத்தில் கேட்கிறேன். விளக்கி எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ஒற்றைக் காது அப்பா


ஜனவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? வலது காதையாவது டாக்டரிடம் காட்டுங்கள். அது ராஜினாமா கொடுப்பதற்குள் காட்டுங்கள்.

சுற்றறிக்கையின் கடைசி வரியை நான் உங்களுக்கு எழுதவில்லை. "வழக்கமான பணிநேரம் எவ்வகையிலும் பாதிக்கப்படாமல்" என்று முடிகிறது. வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள் என்று முதல்வரிடம் போய்க் கேட்டேன். "நீங்க லைப்ரரில சும்மாதானேம்மா உக்காந்திருக்கீங்க, அப்ப எழுதுங்க" என்றார். நான் திரும்பி வந்தபோது மேசைக்கு முன்னால் பதினொரு பேர் வரிசையில் நின்றார்கள். என் உதவி நூலகர் தனியாகத் திணறிக்கொண்டிருந்தாள்.

பொருளாதாரத் துறைத் தலைவர் போன வருடம் ஒரு புத்தகம் போட்டார். அதற்கான பழைய அறிக்கைகளில் பாதிக்கு மேல் நான் தேடிக் கொடுத்தவை. நன்றியுரையில் மனைவி இருக்கிறார், அவர் வீட்டு நாய் பெயரோடு இருக்கிறது. அப்புறம் "நூலகப் பணியாளர்கள்". அந்தப் பணியாளர்கள் நான்தான்.

எதை ஆராய்வது என்று கேட்டீர்கள். நான் ஒரு நாளைக்கு அதிகம் சொல்லும் வார்த்தை "இல்லை". யாராவது ஒரு புத்தகம் கேட்டு நான் இல்லை என்று சொன்னால், உடனே ஒரு சீட்டில் எழுதி டப்பாவில் போட்டுவிடுவேன். என்ன புத்தகம், ஏன் இல்லை. பதினான்கு மாதம். மொத்தம் 2,316 சீட்டுகள். எண்ணிப் பார்த்தபோது எனக்கே திக்கென்றது. அதில் ஏறக்குறைய பாதிப் புத்தகங்கள் நாங்கள் வாங்காதவை அல்ல. வாங்கியவை. கட்டடத்துக்குள்ளேயே எங்கேயோ இருப்பவை.

கட்டுரையாக எழுதிவிட்டேன். இதோடு ஒரு பிரதி வைத்திருக்கிறேன். உங்களுக்குப் புரிந்தால் உலகத்தில் எல்லோருக்கும் புரியும் (கோபிக்காதீர்கள்). பழைய தாள்களின் பின்பக்கத்தில் அச்செடுத்திருக்கிறேன். இங்கே ஒரு கட்டு நல்ல தாள் வாங்க மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்


பிப்ரவரி 6

அன்புள்ள கண்ணாடிக்கு,

இருவரும் சௌக்கியம். கட்டுரை கிடைத்தது. மூன்று நாள் படித்தேன். முதல் நாள் தூங்கிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் நாள் ஒரு பென்சிலோடு உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் உன் அம்மா காய்கறி வாங்கக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. "காதுதான் போச்சுன்னு பாத்தா இப்ப காலும் போயிடுச்சா?" என்றாள்.

அந்த நாலாவது அட்டவணை! 612 புத்தகங்கள் ஆசிரியர்களின் அறைகளில் கிடக்கின்றன. ஒன்று பதினொரு வருடமாக. மாணவன் வந்து கேட்டால் நீ "இல்லை" என்கிறாய். அது மாடியில் ஒருவர் அலமாரியில் தூசி தின்றுகொண்டிருக்கிறது. யாருடைய பெயரும் போடாமல் துறையை மட்டும் போட்டிருக்கிறாய் பார், அது பெருந்தன்மை. நானாக இருந்தால் அறை எண்ணையும் சேர்த்திருப்பேன்.

எங்கள் பம்பு அறையிலும் இப்படித்தான். மேட்டுத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று ஜனங்கள் குடத்தோடு வந்து என்னைத் திட்டுவார்கள். தண்ணீர் இருக்கும். நடுவில் யாரோ ஒரு பெரிய மனிதர் வீட்டில் வால்வைத் திறந்து வைத்திருப்பார்கள். நான் முப்பத்தொரு வருடம் திட்டு வாங்கினேன், ஒரு சீட்டு எழுதி வைக்கத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியிருக்கிறது.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆகவே உலகத்துக்குப் புரியும். இன்றே ஏதாவது இதழுக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா


மார்ச் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம், தலைவலி தவிர. அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது?

கட்டுரையை அனுப்பவில்லை. வெளியே அனுப்புவதற்கு முன் முதல்வரிடம் காட்ட வேண்டுமாம். அவர் அதைப் பொருளாதாரத் துறைத் தலைவரிடம் கொடுத்து "பாத்துச் சொல்லுங்க" என்றிருக்கிறார். அட்டவணையில் முதலிடம் யாருடைய துறைக்கு என்று உங்களுக்கு நினைவிருக்கும்.

அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் எங்கள் நூலக முத்திரை போட்ட புத்தகங்களை எண்ணினேன். கண்ணுக்குத் தெரிந்தவரை நாற்பத்தாறு.

"நல்ல முயற்சிம்மா. ஆனா அந்த நாலாவது டேபிள் எதுக்கு? அது ஆராய்ச்சி இல்ல, கோள் சொல்றது. அத எடுத்துடுங்க. முதல் பேரா என் பேரப் போடுங்க, அப்பதான் நல்ல ஜர்னல்ல எடுப்பாங்க. ஒரு லைப்ரரியன் பேரப் பாத்து யாரு படிப்பா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வெளியே வந்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில், ஒழுங்காக அடுக்கியிருந்த ஒரு வரிசையைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். உதவி நூலகர் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களுக்குக் கோவம் வந்தாலும் வேலைதான் செய்றீங்க" என்றாள்.

அட்டவணையை எடுத்தால் கட்டுரையில் ஒன்றுமில்லை. எடுக்காவிட்டால் ஆகஸ்டில் குழுவில் உட்காரப்போவது அவரேதான். என்ன செய்வதென்று தெரியவில்லை.

உங்கள் மகள்


மார்ச் 15

அன்புள்ள கண்ணாடிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முட்டி பரவாயில்லை, அதைப் பற்றிய பேச்சுதான் குறையவில்லை.

உன் கடிதத்தைப் படித்து, இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். அவர் பெயரை முதலில் போடுவதா? 2,316 முறை "இல்லை" சொன்னது அவரா? நாய் பெயரைப் போட்டவருக்கு உன் பெயரைப் போடக் கை வரவில்லை, இப்போது உன் கட்டுரையில் அவருக்கு முதல் நாற்காலியா?

எனக்கு ஆராய்ச்சி தெரியாது. எழுதி முடித்ததை அலமாரியில் வைத்தால் அதுவும் இன்னொரு இல்லைச் சீட்டுதான் என்பது மட்டும் தெரியும். யோசிக்காதே. யோசித்தே என் ஆயுளில் நான் பல காரியங்களைக் கெடுத்திருக்கிறேன். அப்படியே, உன் பெயரோடு, நாலாவது அட்டவணையோடு அனுப்பு. அனுப்பியதும் ஒரு வரி எழுது. தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்பது எனக்கு இப்போது உத்தியோகம் ஆகிவிட்டது.

அன்புடன்,
அப்பா


ஏப்ரல் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆறு வாரமாகப் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். தேர்வுக் காலம். நூலகத்தில் நிற்க இடமில்லை. நான் நலம். நீங்கள் இருவரும் நலமென்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு தினமும் ஒரு முறை கோபப்பட்டேன். உங்கள் மேல்தான். வீட்டில் உட்கார்ந்துகொண்டு "அனுப்பு, அனுப்பு" என்பது சுலபம். இங்கே தினமும் அந்த மனிதருக்கு வணக்கம் வைக்க வேண்டியவள் நான்.

ஆனால் முந்தாநாள் அனுப்பிவிட்டேன். துறைத் தலைவரிடம் போய், "அட்டவணை இருக்கும் சார், பேர் என் பேர் மட்டும்தான்" என்றேன். அவர் செய்தித்தாளைத் திருப்பினார். நூலகத் துறையில் மிகவும் மதிப்புள்ள இதழுக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டு நிபுணர்கள் படித்துப் பார்ப்பார்கள். மூன்று மாதம் ஆகும். ஆகஸ்டுக்குள் ஏற்றுக்கொண்டு ஒரு கடிதம் வந்தால் போதும், குழுவில் அதைக் காட்டிவிடுவேன்.

பதினைந்து வருட வேலையில் முதல்முறையாக, என்னுடையது என்று ஒன்று வெளியே போயிருக்கிறது. அன்று மாலை நடந்தே வீட்டுக்குப் போனேன்.

உங்கள் மகள்


மே 12

அன்புள்ள மகளுக்கு,

சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

அனுப்பிவிட்டாயா. நல்லது. நீ அனுப்பமாட்டாய் என்றே நினைத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். சும்மா, பொது அறிவுக்காகக் கேட்கிறேன். ஒரே கட்டுரை இரண்டு இதழில் வந்தால் இரட்டிப்புப் பெருமைதானே? செய்தித்தாளில் ஒரே செய்தி நாலு பத்திரிகையிலும் வருகிறதே, யாரும் கோபித்துக்கொள்வதில்லையே? அம்மாவும் கேட்கச் சொன்னாள். (அம்மா கேட்கச் சொல்லவில்லை.)

வெயில் அதிகம். தண்ணீர் நிறையக் குடி.

அப்பா


மே 25

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் ஏன் இத்தனை சுருக்கம்? உடம்புக்கு ஒன்றுமில்லையே?

உங்கள் பொது அறிவுக்காக: கூடவே கூடாது. ஒரு கட்டுரை ஒரு இதழுக்குத்தான். இரண்டு இடத்துக்கு அனுப்பியது தெரிந்தால் நல்ல இதழ் உடனே திருப்பிவிடும், பெயரும் கெட்டுப்போகும். இதைவிட மோசம் ஒன்று உண்டு. பணம் வாங்கிக்கொண்டு, யார் எதைக் கொடுத்தாலும் படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுவிடும் போலி இதழ்கள். பெயர் மட்டும் பெரிதாக வைத்திருப்பார்கள். பாவம், ஆராய்ச்சி மாணவர்கள் ஏமாந்து போகிறார்கள். அதனால் அப்படிப்பட்ட இதழ்களின் பட்டியல் ஒன்றை நானே தயாரித்து, நாலு வருடமாக நூலக வாசலில் ஒட்டி வைத்திருக்கிறேன். மூன்று பக்கம். எச்சரிக்கை என்று தலைப்புப் போட்டு.

உங்கள் மகள் வேறு எதற்கும் பெயர் வாங்கவில்லை என்றாலும், இங்கே அந்தப் பட்டியலுக்குப் பெயர் வாங்கியிருக்கிறேன். மற்றக் கல்லூரிகள்கூடக் கேட்டு வாங்கிப் போகின்றன.

ஏன் திடீரென்று இந்தச் சந்தேகம்? பதில் எழுதுங்கள்.

உங்கள் மகள்


ஜூலை 8

அப்பாவுக்கு,

ஜூன் முழுவதும் உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. அம்மாவிடம் போனில் கேட்டால், "நல்லாத்தான் இருக்காரு, வாய்தான் பேசமாட்டேங்குது" என்கிறாள். நலமாக இருங்கள். எனக்கு இங்கே நலமில்லை.

போன வாரம் இதழாசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. என் கட்டுரையை இரண்டு நிபுணர்களும் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். பிரசுரிக்கும் முன் சோதித்தபோது, இதே கட்டுரை ஏப்ரலிலேயே வேறொரு இதழில் வெளியாகியிருப்பது தெரிந்ததாம். ஆகவே நிராகரிக்கிறோம், இது நாணயமான செயல் அல்ல என்று எழுதியிருக்கிறார். எனக்கு, அப்பா. நாணயமான செயல் அல்ல என்று எனக்கு.

தேடிப் பார்த்தேன். இருக்கிறது. என் பெயரோடு, என் கல்லூரிப் பெயரோடு. என் பட்டியலில் ஏழாவதாக இருக்கும் போலி இதழில்.

அன்று மதியத்துக்குள் துறைத் தலைவருக்குத் தெரிந்துவிட்டது. மாடிப்படியில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன மேடம், பட்டியல் போட்டவங்களே பட்டியல்ல வந்துட்டீங்க?" என்றார். சிரித்தார்கள்.

யார் செய்தது என்று எனக்குத் தெரியும். யாரோ புதிதாகத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். 612 என்பது 621 என்று இருக்கிறது. எண்களை இப்படி மாற்றி அடிக்கிறவள் இந்த நூலகத்தில் ஒருத்திதான். கட்டுரையும் அவளிடம்தான் இருந்தது. என் உதவி நூலகர். துறைத் தலைவர் அவளுக்கு ஏதோ ஆசை காட்டியிருப்பார். கேட்டால், "அக்கா, சத்தியமா நான் இல்லக்கா" என்று அழுகிறாள். ஆறு வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள். நேற்று முதல்வரிடம் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை விசாரணை.

எனக்கு எழுதவே பிடிக்கவில்லை.

மகள்


ஜூலை 10

அன்புள்ள மகளுக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். அதற்கு முன்னால் அம்மாவை விட்டுப் போனிலும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். என் வாயால் சொன்னால் உன் பதில் என் காதில் விழாது. விழுந்தாலும் தாங்காது.

அந்தப் பெண் மேல் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கு. திங்கட்கிழமைக்கு முன்னால் வாங்கு. அவள் செய்யவில்லை. நான் செய்தேன்.

மார்ச்சில் உனக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தேன். பதில் வரவில்லை. நீ பயந்து உள்ளே வைத்துவிட்டாய் என்று முடிவு கட்டினேன். ஏப்ரல் பத்தாம் தேதி உன் கட்டுரையை எடுத்துக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா நல்ல மாதிரி. நான் வாசிக்க வாசிக்க அவர் தட்டச்சு செய்தார். 612ஐ 621 என்று வாசித்த மகா பண்டிதன் நான்தான். கடையின் மின்னஞ்சலிலிருந்தே அனுப்பினோம். இரண்டே நாளில் "மிகச் சிறந்த கட்டுரை" என்று பதில் வந்தது. நானும் கடைக்கார அம்மாவும் கைகொடுத்துக்கொண்டோம். அவர்கள் கேட்ட கட்டணத்தைக் கட்டினேன். அம்மாவிடம் மூக்குக் கண்ணாடி மாற்றியதாகச் சொன்னேன். அதே பழைய கண்ணாடிதான், துடைத்து மாட்டினேன்.

எந்த இதழுக்கு அனுப்புவதென்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நீ அனுப்பிய தாள்களின் மறுபக்கத்தில் இருந்தது. இதழ்களின் பெயர்கள், வரிசை எண் போட்டு, முகவரியோடு, கீழே உன் பதவியும் நூலக முத்திரையும். தலைப்பு ஏதுமில்லை, பக்கம் இரண்டு, பக்கம் மூன்று மட்டும். எங்கே அனுப்பலாம் என்று நீயே யோசித்துப் போட்ட பட்டியல் என்று நினைத்தேன். என் மகளின் பட்டியல், தப்பு இருக்காது. அதில் கேட்க மிகவும் கம்பீரமாக இருந்தது பக்கம் இரண்டில் முதலாவதாக இருந்த ஏழாம் எண்.

நீ ஏப்ரல் கடைசியில் அனுப்பிவிட்டேன் என்று எழுதியதும்தான் ஒரே கட்டுரை இரண்டு இடத்துக்குப் போய்விட்டது என்று உறைத்தது. உன் மே மாதக் கடிதத்தில் அது என்ன பட்டியல் என்று தெரிந்தது. அன்றே எழுதியிருக்க வேண்டும். ஜூன் முழுவதும் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். நல்ல இதழுக்குத் தெரியாமலே போய்விடும் என்று ஒரு நப்பாசை. அதற்குள் இன்னொரு வீட்டுப் பெண்ணை அழ வைத்துவிட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுதினால் அதையும் நீ சுமக்க வேண்டும். எழுதவில்லை.

அப்பா


செப்டம்பர் 20

அப்பாவுக்கு,

இரண்டு மாதமாக எழுத முயன்று, முடியாமல், இப்போது எழுதுகிறேன்.

புகாரை வெள்ளிக்கிழமையே திரும்ப வாங்கினேன். உதவி நூலகரிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம்" என்றாள். வேலையெல்லாம் முன்போலவே செய்கிறாள். அக்கா என்று மட்டும் கூப்பிடுவதில்லை.

ஆகஸ்டில் குழு கூடியது. பதவி உயர்வு இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். "அப்பா அனுப்பிட்டாரா? பள்ளிக்கூடப் பசங்க சொல்ற சாக்கு மாதிரி இருக்கே" என்றார் துறைத் தலைவர். போலி இதழுக்குக் கட்டுரையை நீக்கச் சொல்லி ஏழு முறை எழுதினேன். நீக்குவதற்குத் தனிக் கட்டணமாம்.

உங்கள் மேல் கோபம் போகவில்லை. அதை மறைக்கவும் போவதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. "தலைப்பு ஏதுமில்லை, பக்கம் இரண்டு, பக்கம் மூன்று மட்டும்."

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். முதல் பக்கத்தில் மட்டும்தான் எச்சரிக்கை என்று போட்டிருக்கிறேன். அதன்மேல் யாரோ விடுதிக் கட்டண அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள். எத்தனை நாளாகவோ. மற்ற இரண்டு பக்கமும் நூலக முத்திரையோடு பளிச்சென்று தெரிந்தன. நாலு வருடத்தில் எங்கள் ஆராய்ச்சி மாணவர்களின் கட்டுரைகள் எங்கெங்கே வந்தன என்று தேடினேன். அந்த இரண்டு பக்கத்தில் உள்ள இதழ்களில் ஒன்பது. பேரைப் பார்த்துக் கூப்பிட்டுக் கேட்டேன். இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள்: "லைப்ரரி லிஸ்ட்ட பாத்துதான் மேடம் அனுப்பினோம்."

நான் எச்சரித்தேன் என்று நினைத்த இடத்தில் வழிகாட்டியிருக்கிறேன். மற்றக் கல்லூரிகளுக்கும் அதையே கொடுத்திருக்கிறேன்.

இதை எழுதப்போகிறேன். என் பட்டியல், என் தவறு, என் பெயர். முதல்வரிடம் நேரம் கேட்கப் போவதில்லை. உதவி நூலகரிடம் கேட்டேன், சேர்ந்து எழுதுவாயா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

மூன்றாவதாக ஒருவரின் வாக்குமூலம் தேவை. அது நீங்கள். உங்கள் பெயர் வராது. கீழ்க்கண்டவற்றுக்கு உண்மையான பதில் வேண்டும். அந்தப் பட்டியலை எதற்கான பட்டியல் என்று நினைத்தீர்கள்? எதைப் பார்த்து நம்பினீர்கள்? இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டபோது சந்தேகம் வரவில்லையா? யாரிடமாவது கேட்டீர்களா? எழுதியவளிடம் ஏன் கேட்கவில்லை?

மகள்


செப்டம்பர் 27

அன்புள்ள மகளுக்கு,

நீ கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், இங்கே இருவரும் சௌக்கியம். நீ சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கிறாள்.

பதில்கள். பொய் சொல்ல மாட்டேன் என்று அம்மா முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எதற்கான பட்டியல்: கட்டுரை அனுப்பத் தகுந்த இடங்கள் என்று.

எதைப் பார்த்து நம்பினேன்: வரிசை எண். முத்திரை. நூலகர் என்ற உன் பதவி. அந்த மூன்றும் இருந்தால் நான் விஷத்தையும் மருந்து என்று குடித்திருப்பேன்.

இரண்டு நாளில் சந்தேகம் வரவில்லையா: வரவில்லை. உன் கட்டுரை அவ்வளவு நல்ல கட்டுரை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், இதை நீ எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

யாரிடமாவது கேட்டேனா: ஜெராக்ஸ் கடைக்கார அம்மாவிடம். "உங்க பொண்ணு போட்ட லிஸ்ட்தானே, அப்புறம் என்ன?" என்றார்.

எழுதியவளிடம் ஏன் கேட்கவில்லை: இதற்கு நாலு தாள் கிழித்தேன். அவளுக்காகத்தான் செய்தேன் என்று முதல் தாளில் எழுதினேன். அம்மா வாசித்துவிட்டு, "நெஜமா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். கிழித்தேன். அவள் பயப்படுகிறாள், அவள் திகைத்து நிற்கிறாள் என்று மற்றத் தாள்களில் எழுதினேன். அவையும் முழு உண்மை இல்லை.

கேட்டால் பொறுங்கள் என்று சொல்வாள். எனக்குப் பொறுமை இல்லை. அச்சில் வந்த அன்றே அதன் பிரதியை எடுத்துக்கொண்டு பம்பு அறைக்குப் போனேன். பழைய ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். "உன் பொண்ணா எழுதினது? கல்லூரி வாத்தியாரு கணக்கால்ல எழுதியிருக்கு!" என்றார்கள். யாரோ பசை தடவி மோட்டாருக்கு மேலே சுவரில் ஒட்டினார்கள். முப்பத்தொரு வருடத்தில் அந்த அறையில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்காகத்தான் செய்தேன். இதுதான் பதில்.

உண்மை தெரிந்த பிறகும் நாலு மாதமாக அங்கே போய் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். உன் கடிதம் வந்த மறுநாள் மறுபடி போனேன். ஏணியில் ஏறி, நகத்தால் சுரண்டி எடுத்தேன். கீழேயிருந்து, "யோவ், எதுக்குய்யா கிழிக்கிற?" என்று கேட்டார்கள். ஏணியில் நின்றபடியே சொன்னேன். போலி இதழ், நான் கட்டிய கட்டணம், உனக்குப் போன பதவி உயர்வு, அந்தப் பெண் அழுதது, எல்லாம். மோட்டார் இரைச்சலில் பாதி கேட்டிருக்காது என்று இறங்கி வந்து மறுபடியும் சொன்னேன்.

சொல்லும்போது வழக்கம்போல என்னையே கிண்டல் செய்துதான் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்புடன்,
அப்பா